ஒரு மணி நேரப் பேச்சா, இரண்டு நாள் தங்கலா: கல்லூரிக்கு அறிஞரை அழைக்கும் முன்

குமரி மாவட்டக் கல்லூரிகளில் நினைவுச் சொற்பொழிவுகளுக்குக் குறைவில்லை. ஓய்வுபெற்ற பேராசிரியர் ஒருவரின் மாணவர்கள் சேர்ந்து பணம் போடுகிறார்கள். வளைகுடாவிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பிள்ளைகள் அம்மா பெயரில் ஒரு தொகையைக் கல்லூரியில் கட்டுகிறார்கள். சில இடங்களில் நிர்வாகமே துறைக்கு ஆண்டுக்கொரு சிறப்புச் சொற்பொழிவு என்று ஒதுக்கித் தருகிறது. பணம் கைக்கு வந்ததும் எல்லோரும் கேட்பது, "யாரைக் கூப்பிடலாம்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று. வருகிறவர் இங்கே எவ்வளவு நேரம் இருக்கப்போகிறார்? அந்த நேரத்தை யாரோடு கழிக்கப்போகிறார்?

எங்கள் பழைய மாணவர் குழுவும், வரலாறு கற்றுத்தந்த ஆசிரியர் ஒருவரின் நினைவாக நிதி திரட்டிவருகிறது. எப்படிச் செலவிடுவது என்பதில் நான்கு விதமாகப் பேச்சு ஓடுகிறது. பெயர்பெற்ற ஒருவரை ஆண்டுக்கு ஒருமுறை அழைத்துப் பெரிய அரங்கில் பேசவைக்கலாம் என்கிறார்கள் சிலர். இணையவழியில் அடிக்கடி நடத்தினால் போதும் என்கிறார்கள் சிலர். பக்கத்து ஊர் அறிஞர்களை மாதம் ஒருவராக அழைப்போம் என்பது இன்னொரு யோசனை. ஒரே ஒருவரை அழைத்து இரண்டு நாள் தங்கவைத்து, மாணவர்களோடு இருக்கவிடுவது கடைசி யோசனை. என் மனம் இந்தக் கடைசியில்தான் நிற்கிறது. ஏன் என்று விளக்குகிறேன். மற்ற மூன்றுக்கும் உரிய இடம் எது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் வேறொரு கல்லூரிக்கு வேறொன்று பொருந்தலாம்.

பெரிய அரங்கு

பெரிய பெயரை அழைப்பதில் நியாயம் இருக்கிறது. பெயரைக் கேட்டே கூட்டம் வரும். பழைய மாணவர்கள் ஊருக்கு வர ஒரு காரணம் கிடைக்கும். பாடப்புத்தகத்தில் மட்டும் படித்த பெயருக்கு உரியவரை ஒரு மாணவி நேரில் பார்ப்பாள். இது சின்ன விஷயமில்லை. வீட்டிலிருந்து முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளைக்கு, கேள்வி கேட்பதையும் அதற்கு விடை தேடுவதையும் வாழ்நாள் வேலையாகக் கொண்ட மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதே புதிய செய்தி.

ஆனால் நிகழ்ச்சி நிரலை எடுத்துவைத்துப் பாருங்கள். தமிழ்த்தாய் வாழ்த்து, இறைவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, இரண்டு மூன்று வாழ்த்துரைகள், விருந்தினர் அறிமுகம், பொன்னாடை, நினைவுப் பரிசு, கடைசியில் நன்றியுரை, நாட்டுப்பண். மேடையில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அங்கே இருக்கக் காரணம் உண்டு. யாரையும் குறை சொல்வதற்கில்லை. எல்லாம் சேர்ந்து இரண்டு மணி நேரத்தில் பேச்சுக்கு முக்கால் மணி நேரம் கிடைத்தால் அதிகம். பேச்சு முடிந்ததும் "நேரம் குறைவாக இருப்பதால் ஒரே ஒரு கேள்வி" என்று அறிவிப்பு வரும். அந்த ஒரு கேள்வியையும் முன்வரிசையில் இருக்கும் ஆசிரியர் கேட்பார். வெளியே கார் நிற்கும். நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரம் விமான நிலையம் ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான் என்றாலும், மார்த்தாண்டம், களியக்காவிளை நெரிசலைத் தாண்டிப் போக இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். மதியச் சாப்பாடு முடிந்த கையோடு அறிஞர் கிளம்பிவிடுவார். மாணவர்களிடம் மிஞ்சுவது ஒரு செல்ஃபி.

இன்னொன்றும் இருக்கிறது. பெரிய அரங்கில் பெரிய பேச்சாளர் என்ற தேவையை இப்போது அரசே ஓரளவு நிறைவேற்றுகிறது. தமிழ் இணையக் கல்விக்கழகம் நடத்தும் 'மாபெரும் தமிழ்க் கனவு' நிகழ்ச்சிகளில் பல கல்லூரி மாணவர்களை ஒரே இடத்தில் கூட்டி, தமிழ் மரபு, பண்பாடு, சமூக வரலாறு பற்றி அறிஞர்களைப் பேசவைக்கிறார்கள். நல்ல கேள்வி கேட்கும் மாணவருக்குக் 'கேள்வியின் நாயகன்', 'கேள்வியின் நாயகி' என்று பட்டமும் தருகிறார்கள். கேள்விக்கு மதிப்புத் தரும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. அந்த அளவுக்குச் செலவுசெய்யும் வலு ஒரு குடும்பமோ பழைய மாணவர் குழுவோ வைக்கும் சின்ன அறக்கட்டளைக்குக் கிடையாது. அதே மாதிரியான நிகழ்ச்சியைச் சிறிய அளவில் இன்னொரு முறை நடத்துவதைவிட, அந்த அரங்கால் செய்ய முடியாததை நாம் செய்யலாம்.

கல்லூரியின் நூற்றாண்டு விழா, ஒரு துறையின் பொன்விழா போன்ற தருணங்களுக்குப் பெரிய அரங்குதான் பொருத்தம். அங்கே கூடுவதே நோக்கம். ஆண்டுதோறும் நடக்கும் சொற்பொழிவுக்கு அந்த நோக்கம் போதாது.

இணையவழி

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். கொரோனாக் காலத்தில் இணையவழிக் கருத்தரங்குகள் ஏராளமாக நடந்தன. சான்றிதழ்களும் ஏராளமாக வந்தன. செலவு அநேகமாக இல்லை. வெளிநாட்டில் இருப்பவர்கூட ஒரு மாலையில் பேசிவிடலாம். ஆனால் மலையோர ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் வீட்டில் சிக்னல் தேடி மாடிக்கும் முற்றத்துக்குமாக அலைவதை இப்போதும் பார்க்கிறோம். கேமராவை அணைத்துவிட்டு இருக்கும் அறுபது பேரிடம் பேசுகிறவருக்கும் எதிரில் முகமில்லை. தனி நிகழ்ச்சியாக இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். நேரில் வரப்போகிறவரை இரண்டு வாரம் முன்னதாக அரை மணி நேரம் மாணவர்களோடு பேசவைக்க இது நல்ல வழி. அவர் வந்து இறங்கும்போது அந்நியராக இருக்க மாட்டார்.

பக்கத்து ஊர் அறிஞர்கள்

மாதம் ஒருவர் என்ற யோசனையை நான் எளிதில் ஒதுக்க மாட்டேன். நம் மாவட்டம் இருக்கும் இடம் அப்படி. சென்னைக்கு வந்தே பாரத் ரயிலிலேயே ஏறத்தாழ 9 மணி நேரம் ஆகிறது. ஆனால் மேற்கே இரண்டு மணி நேரத்தில் திருவனந்தபுரம், வடக்கே அதே நேரத்தில் திருநெல்வேலி. இந்த இரண்டு நகரங்களைச் சுற்றி இருக்கும் ஆய்வு நிறுவனங்களை எண்ணிப் பார்த்தால், கேரள எல்லையில் இருப்பதன் பலனை நாம் எவ்வளவு குறைவாகப் பயன்படுத்தியிருக்கிறோம் என்று தெரியும்.

திருவனந்தபுரத்தில் பொருளாதாரத்துக்கு வளர்ச்சி ஆய்வு மையம் இருக்கிறது. நிலவியலுக்குத் தேசியப் புவி அறிவியல் ஆய்வு மையம். பாலோட்டில் வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா, விழிஞ்ஞத்தில் கடல்மீன் ஆராய்ச்சி நிலையம், விதுரையில் இந்திய அறிவியல் கல்வி, ஆராய்ச்சி நிறுவனமான ஐசர். திராவிட மொழிகளுக்கென்றே ஒரு பன்னாட்டு நிறுவனமும் அங்கே உண்டு. அதை நிறுவிய வ.ஐ. சுப்பிரமணியம் நம் வடசேரியில் பிறந்தவர். 1981இல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகம் தொடங்கியபோது அதன் முதல் துணைவேந்தராக இருந்தவரும் அவரே. திருநெல்வேலிப் பக்கம் மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம், பாளையங்கோட்டையில் நாட்டார் வழக்காற்றியல் துறையோடு தூய சவேரியார் கல்லூரி, கிருஷ்ணாபுரத்தில் புவிகாந்த ஆய்வகம். மாவட்டத்துக்குள்ளேயே ராஜாக்கமங்கலத்தில் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் மையம் இருக்கிறது. ஒரு வாடகைக் கார், ஒரு நல்ல சாப்பாடு, மரியாதையான ஒரு மதிப்பூதியம், இவ்வளவில் தரமான ஒருவர் வந்துவிடுவார். காலையில் வந்து இரவில் வீட்டுக்குத் திரும்பலாம் என்பதால் அவர்களும் எளிதில் சம்மதிப்பார்கள்.

அறிவியல் துறைகளுக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. பெங்களூரு, புதுதில்லி, அலகாபாத் ஆகிய இடங்களில் உள்ள மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து, கல்லூரிகளில் இரண்டு மூன்று நாள் விரிவுரைப் பயிலரங்குகள் நடத்த உதவுகின்றன. முறைப்படி விண்ணப்பித்துக் கிடைத்துவிட்டால் செலவின் பெரும்பகுதியை அவர்களே ஏற்பார்கள். இந்த வாய்ப்பைத் தொடர்ந்து தேடும் துறைகள் நம் பக்கத்தில் இன்னும் பெருக வேண்டும்.

மாதாந்திர முறையின் பலவீனம் பணத்தில் இல்லை, ஆளில்தான். மாதம் ஒரு நிகழ்ச்சி என்றால் மாதம் ஒரு கடிதம், ஒரு கார், ஒரு அழைப்பிதழ், ஒரு அறிக்கை. இது எப்போதும் துறையில் ஒரே ஓர் ஆசிரியர் தலையில்தான் விழும். முதல் ஆண்டு ஆர்வத்தில் ஓடும். அவர் மாற்றலாகிப் போனாலோ, முனைவர் பட்ட வேலையில் மூழ்கினாலோ அடுத்த ஆண்டு நின்றுபோகும். மாணவர்களுக்கும் மாதாமாதம் வந்துபோகும் முகங்களில் எதுவும் மனதில் நிற்காது. அதனால் இந்த யோசனையில் இருக்கும் நல்ல பாதியை எடுத்துக்கொள்கிறேன்: அருகிலிருந்து அழையுங்கள். ஆனால் வருகிறவரை அன்றே அனுப்பிவிடாதீர்கள்.

இரண்டு நாள் தங்கல்

அமெரிக்காவில் ஃபை பீட்டா கப்பா என்றொரு கல்விச் சங்கம் உண்டு. 1776இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரி மாணவர்கள் தொடங்கியது. அந்தச் சங்கம் 1956 முதல் வருகைதரு அறிஞர் திட்டம் ஒன்றை நடத்துகிறது. ஒவ்வோர் ஆண்டும் சில அறிஞர்களைத் தேர்ந்தெடுத்துத் தன் கிளைகள் உள்ள கல்லூரிகளுக்கு அனுப்பும். போகிற ஒவ்வொரு கல்லூரியிலும் அவர் இரண்டு நாள் இருப்பார். வகுப்புகளில் உட்கார்ந்து மாணவர்களோடு விவாதிப்பார், ஆசிரியர்களைச் சந்திப்பார், ஊர் மக்களும் வரலாம் என்ற அறிவிப்போடு ஒரே ஒரு பொதுச் சொற்பொழிவு செய்வார். சின்ன ஊர்களில் இருக்கும் கலைக் கல்லூரிகளுக்கு இது பெரிய உதவி. பெரிய பல்கலைக்கழகங்களில் அறிஞர்கள் தாமாகவே வந்து போய்க்கொண்டிருப்பார்கள். ஓரத்தில் இருக்கும் கல்லூரிக்கு வேண்டுமென்றே அனுப்பினால்தான் உண்டு. நாமும் நாட்டின் ஓரத்தில்தான் இருக்கிறோம்.

பொதுச் சொற்பொழிவு என்பதற்கு இதைவிடப் பழைய எடுத்துக்காட்டு ஸ்காட்லாந்தில் இருக்கிறது. 1887இல் மறைந்த நீதிபதி ஆடம் கிஃபோர்ட், நான்கு பல்கலைக்கழகங்களில் சொற்பொழிவு நடத்தப் பெருந்தொகை எழுதிவைத்தார். தம் உயிலில் அவர் வைத்த நிபந்தனைகளில் ஒன்று என்னை ஈர்த்தது: சொற்பொழிவுகள் மாணவர்களுக்கு மட்டுமின்றி, பல்கலைக்கழகத்தில் பதிவுசெய்யாத ஊர் மக்கள் அனைவருக்கும் திறந்திருக்க வேண்டும். அது ஒருநாள் பேச்சாகவும் இல்லை. அமெரிக்கத் தத்துவ அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1901, 1902ஆம் ஆண்டுகளில் எடின்பரோவில் செய்தது இருபது சொற்பொழிவுகள். அவை நூலாகி இன்றும் படிக்கப்படுகின்றன. நம்மால் இருபது முடியாது. ஆனால் ஒருவரைத் தொடர்ந்து கேட்க வாய்ப்பளித்தால்தான் அவர் எப்படி யோசிக்கிறார் என்பது பிடிபடும் என்பது இருபதுக்கும் பொருந்தும், மூன்றுக்கும் பொருந்தும்.

அவ்வளவு தூரம் போவானேன்? கல்வி கற்பிப்பதற்கு நிலம் எழுதிவைத்த மரபு நம் மாவட்டத்து முஞ்சிறைப் பக்கமே இருக்கிறது. 9ஆம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், இன்று பார்த்திவபுரம் எனப்படும் பார்த்திவசேகரபுரத்தில் கோயிலோடு சேர்த்து 95 மாணவர்களுக்கான சாலை, அதாவது கல்விக்கூடம், ஒன்றை அமைத்ததைச் செப்பேடு சொல்கிறது. காந்தளூர்ச் சாலையை மாதிரியாக வைத்து நிறுவியது அது. எத்தனை பேர் படிப்பது, யாருக்கு எத்தனை இடம், அவர்களுக்குச் சோறு எந்த நிலத்திலிருந்து வரும் என்பதெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. வேதம் கற்ற குறிப்பிட்ட பிரிவினருக்கு மட்டும் திறந்திருந்த சாலை அது என்பதையும் மறக்கக் கூடாது. எல்லோருக்கும் கதவைத் திறந்துவைக்கும் பொறுப்பு இன்றைய கல்லூரிக்கு இருக்கிறது.

இரண்டு நாளில் என்ன நடக்கலாம் என்று ஒரு வரலாற்றாசிரியரை வைத்துச் சொல்கிறேன். முதல் நாள் காலை ஒரு சிறிய அறையில் இருபத்தைந்து மாணவர்கள். அவருடைய பத்துப் பக்கக் கட்டுரை ஒன்றை இரண்டு வாரம் முன்பே படித்து வந்தவர்கள். மேடை இல்லை, மைக் இல்லை. முதல் இரண்டு கேள்விகளை யாராவது எழுதிவைத்துக்கொண்டு கேட்பார்கள். மூன்றாவது கேள்விக்கு அறை அமைதியாகிவிடும். பின்வரிசையில் தயங்கும் ஒருத்தியைப் பார்த்து, "எளும்பிக் கேளு மக்களே, சார் ஒண்ணும் சொல்ல மாட்டாரு" என்று துறை ஆசிரியர் தூண்டுவார். உண்மையான கேள்விகள் அதன் பிறகுதான் வரும். "சார், எங்க ஊர் கோயில்ல ஒரு கல்வெட்டு இருக்கு, பாதி சொவருக்குள்ள போயிருக்கு. அதை யாரும் படிச்சிருப்பாங்களா?" என்று ஒரு பிள்ளை கேட்டுவிட்டால், அழைத்த செலவு முழுவதும் அந்தக் கணத்தில் திரும்பிவிட்டது என்பேன்.

இரண்டாம் நாள் காலை அந்த இருபத்தைந்து பேரோடு ஒரு வேனில் பார்த்திவபுரத்துக்கோ, சிதறால் மலைக்கோ, சுசீந்திரத்துக்கோ போகலாம். சிதறாலில் சமணத் தீர்த்தங்கரர் சிற்பங்களின் முன்னால் நின்று ஒரு வரலாற்றாசிரியர் எதைப் பார்க்கிறார், எதை அளக்கிறார், எதைச் சந்தேகப்படுகிறார் என்பதை உடனிருந்து பார்ப்பது எந்த அரங்கப் பேச்சிலும் கிடைக்காது. சுசீந்திரம் கோயிலைப் பற்றிய பெரிய ஆய்வை 1953இல் நூலாகத் தந்த கே.கே. பிள்ளை இந்த மண்ணில் பிறந்தவர். தேரூரில் பிறந்த கவிமணி கவிதைகளோடு கல்வெட்டு ஆராய்ச்சியும் செய்தவர். இந்த வரிசை அவர்களோடு நின்றுவிடக் கூடாது.

வரலாறு எனக்கு நெருக்கமானது என்பதால் அதைச் சொன்னேன். மற்றத் துறைகளுக்கு வாய்ப்பு இன்னும் அதிகம். மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலில் இல்மனைட், சிர்கான், மோனசைட் ஆகிய கனிமங்கள் இருக்கின்றன. மோனசைட்டில் கதிரியக்கம் கொண்ட தோரியம் இருப்பதால் இந்தக் கரையில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிட அதிகம். மணல் எடுப்பதைப் பற்றிக் கடற்கரை ஊர்களில் நடக்கும் வாதம் ஓயவில்லை. ஒரு நிலவியலாளரோ கதிர்வீச்சு மருத்துவம் தெரிந்தவரோ வந்து, தெரிந்ததைத் தெரிந்த அளவுக்குச் சொன்னால் கேட்க எத்தனை வீடுகள் காத்திருக்கின்றன! 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை வீடுகளில் விட்டுச்சென்ற இழப்பு இன்னும் ஆறவில்லை. ஆழ்கடலில் இருக்கும் படகுக்கு எச்சரிக்கை எப்படிப் போகிறது, எங்கே அறுகிறது என்று பேச வரும் கடலியலாளர், அங்கே சொல்வதைவிடக் கேட்டுத் தெரிந்துகொள்வது அதிகமாக இருக்கும். முப்பந்தலில் காற்று ஏன் அப்படி வீசுகிறது, பேச்சிப்பாறைக்கு மேலே ரப்பர் வந்தபின் காடு என்ன ஆனது, மருந்துவாழ்மலையில் எந்தச் செடி குறைகிறது என ஒவ்வொன்றும் ஓர் அறிஞரை இரண்டு நாள் நிறுத்திவைக்கும் கேள்வி. வருகிறவரும் ஏதாவது கொண்டுபோக வேண்டும். அவருடைய ஆய்வுக்கு இந்த மாவட்டத்தில் பொருள் இருக்கிறதா என்று பார்த்து அழைத்தால், குறைந்த மதிப்பூதியத்துக்கும் மனமார வருவார்.

பொதுச் சொற்பொழிவு எங்கே, எப்போது

இங்கேதான் இரண்டு நாளின் பலன் முழுதாகத் தெரியும். கல்லூரி நேரத்தில், அதாவது காலை பதினொரு மணிக்கு நடத்தினால், ஊரில் வேலைக்குப் போகிற எவரும் வர முடியாது. மாலை ஐந்தரைக்கு நடத்தினால் குலசேகரத்துக்கும் பேச்சிப்பாறைக்கும் தூத்தூருக்கும் பஸ் ஏற வேண்டிய மாணவிகள் இருக்க முடியாது. ஒருநாள் நிகழ்ச்சியில் இந்த இருவரில் ஒருவரை இழந்தே தீர வேண்டும். இரண்டு நாள் என்றால் பகல் மாணவர்களுக்கு, மாலை ஊருக்கு. மாலைக்கூட்டத்துக்கு வர முடியாத பிள்ளைக்கு எந்த இழப்பும் இல்லை. அவள் ஏற்கெனவே அவரோடு ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிட்டாள்.

மாலைக் கூட்டத்தைக் கல்லூரி வளாகத்துக்கு வெளியே வைப்பது நல்லது. கல்லூரி வாசலைத் தாண்டி உள்ளே வரப் பலருக்கு இன்னும் கூச்சம் இருக்கிறது. நூலகக் கூடம், பள்ளி அரங்கம், பொருள் கடலைப் பற்றியது என்றால் கடற்கரை ஊரின் சமூகக்கூடம். கடற்கரை ஊர்களில் ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலும் தொழிலுக்குப் போவதில்லை. அந்த மாலையைத் தேர்ந்தெடுத்தால் கடலை அறிந்தவர்களே முன்வரிசையில் இருப்பார்கள்.

மாதத்தையும் யோசிக்க வேண்டும். தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு மழையும் பெறும் மாவட்டம் இது. ஜூன், ஜூலையில் ஒரு மழை, அக்டோபர், நவம்பரில் இன்னொன்று. டிசம்பர் தொடக்கத்தில் கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேர், பிறகு கிறிஸ்துமஸ், பொங்கல். மாசியில் மண்டைக்காட்டு அம்மன் கோயில் கொடை விழா. இவற்றுக்கு நடுவில் ஜனவரிக் கடைசியிலும் பிப்ரவரி முதல் பாதியிலும் ஒரு நல்ல இடைவெளி இருக்கிறது. செமஸ்டர் தேர்வுக்கும் அப்போது நாள் இருக்கும். வெளியே களப்பயணம் போகவும் வெயில் தாங்கும்.

மொழியைப் பற்றி ஒரு சொல். வருகிறவருக்குத் தமிழ் தெரிந்திருந்தால் தமிழில்தான் பேச வேண்டும் என்று கடிதத்திலேயே கேட்டுவிடலாம். தெரியாதவர் என்றால், வாக்கியத்துக்கு வாக்கியம் மொழிபெயர்ப்பதற்கு நம் ஊர்க் காதுகள் நற்செய்திக் கூட்டங்களில் பழகியவைதாம். ஆனால் நாற்பது நிமிடப் பேச்சு அப்படியே எண்பது நிமிடமாகிவிடும். நுட்பமான வாதம் துண்டு துண்டாக அறுந்துபோகும். அவர் பத்து நிமிடம் பேசட்டும். பொருள் தெரிந்த துறை ஆசிரியர் ஒருவர் மூன்று நிமிடத்தில் தமிழில் சொல்லட்டும். ஆசிரியருக்கு முன்பே உரையின் சுருக்கம் கிடைத்திருந்தால் இது அழகாக நடக்கும். திருவனந்தபுரத்திலிருந்து வருகிறவர் மலையாளத்தில் பேச விரும்பினால் விளவங்கோடு, கல்குளம் பக்கத்துப் பெரியவர்களுக்குச் சிரமம் இருக்காது. தோவாளை, அகஸ்தீஸ்வரம் பக்கத்துப் பிள்ளைகளையும் மனதில் வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கணக்கு

நிதி 6 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 7 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 42,000 வரும். இதில் 6,000 ரூபாயை அசலோடு சேர்த்துவிட வேண்டும். இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், முப்பது நாற்பது ஆண்டுக்கு முன்னால் 10,000 ரூபாய் கட்டித் தொடங்கிய அறக்கட்டளைக்கு இதே வட்டியில் இன்று வருவது 700 ரூபாய். அன்று அந்த வட்டியில் பேச்சாளரின் பயணமும் சாப்பாடும் அடங்கியிருக்கும். இன்று பொன்னாடைக்கும் ஆட்டோவுக்கும் சரியாகப்போகும். அசல் வளராத அறக்கட்டளை, வைத்தவர் கண்முன்னாலேயே பெயரளவுக்கு ஆகிவிடும்.

மீதி 36,000. பெரிய அரங்குக்கு இது போதாது. விமானக் கட்டணம், விமான நிலையத்துக்குக் கார், ஹோட்டல் அறை, பேனர், நினைவுப் பரிசு, கூட்டத்துக்குத் தேநீர் என்று வரிசையாகப் போட்டால், கையிலிருந்து வேறு போட வேண்டியிருக்கும். இரண்டு மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒருவரை இரண்டு நாள் தங்கவைக்க என் உத்தேசக் கணக்கு இது: மதிப்பூதியம் 10,000, போகவர கார் 6,000, தங்குமிடம், சாப்பாடு 5,000, களப்பயணத்துக்கு வேன் 5,000, மாலைக் கூட்டத்துக்குத் தேநீரும் பலகாரமும் 4,000, அழைப்பிதழும் கட்டுரை நகல்களும் 3,000. மொத்தம் 33,000. மிஞ்சும் 3,000 ரூபாய்க்கு அவர் சொல்லும் புத்தகங்களை நூலகத்துக்கு வாங்கலாம். அவர் போன பிறகும் அந்தப் பேச்சைத் தொடர விரும்பும் மாணவனுக்கு அலமாரியில் ஏதாவது இருக்க வேண்டும்.

நிர்வாகத்தின் பக்கமும் ஒரு வார்த்தை. கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் தேசிய அமைப்பான நாக்கின் மதிப்பீட்டுக்கு எத்தனை நிகழ்ச்சி நடத்தினீர்கள் என்ற பட்டியல் வேண்டும். அந்த நெருக்கடி உண்மையானது. இரண்டு நாள் தங்கலில் வகுப்பறைச் சந்திப்பு, பொதுச் சொற்பொழிவு, களப்பயணம், ஆசிரியர்களுடன் உரையாடல் என நான்கு நிகழ்வுகள் முறைப்படி பதிவாகும். ஒருநாள் விழாவில் பதிவாவது ஒன்று.

சிரமங்களை மறைக்க வேண்டியதில்லை. எல்லாக் கல்லூரியிலும் தங்கும் விடுதி இல்லை. வருகிறவர் பெண் என்றால் பாதுகாப்பான, சுத்தமான அறையை முன்கூட்டியே ஒருவர் நேரில் போய்ப் பார்த்துவைக்க வேண்டும். இரண்டு நாள் மாணவர்களை அழைத்துக்கொண்டு போனால் மற்றப் பாட ஆசிரியர்கள் வருத்தப்படுவார்கள். செமஸ்டர் தொடக்கத்திலேயே தேதியைச் சொல்லிவிட்டால் அவர்கள் ஒத்துழைப்பார்கள். எல்லாவற்றையும்விடப் பெரிய சிரமம் ஆள் தேர்வுதான். மேடையில் பிரமாதமாகப் பேசும் எல்லோரும் இருபத்தைந்து பிள்ளைகள் நடுவில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்பவர்களாக இருப்பதில்லை. பெயரை மட்டும் பார்த்து அழைத்தால் இரண்டாம் நாள் பன்னிரண்டு மணிக்கே அவர் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுவார். அவரிடம் படித்தவர்கள் யாராவது நம் மாவட்டத்தில் ஆசிரியராக இருக்கிறார்களா என்று விசாரித்தால், அறிமுகக் குறிப்பில் இல்லாதது தெரியவரும். முப்பது நூல் எழுதியவரைவிட, கையில் ஓர் ஆய்வை வைத்துக்கொண்டு அதிலேயே ஊறிக்கிடக்கும் நாற்பது வயதுக்காரர் பலமுறை நல்ல தேர்வாக இருப்பார். அவருக்கும் மாணவர்களுக்கும் இடையில் தூரம் குறைவு.

எங்கள் குழுவில் இன்னும் எல்லோரும் இதற்கு உடன்படவில்லை. முதல் ஆண்டு மட்டுமாவது பெரிய விழாவாக இருக்கட்டும், நிதி தந்தவர்களுக்கும் மனநிறைவு வேண்டும் என்கிறார் ஒரு அண்ணாச்சி. அவர் சொல்வதில் நியாயம் இருப்பதால் முதல் ஆண்டின் மாலைச் சொற்பொழிவை நிதி தந்தவர்கள் எல்லோரும் கூடும் நாளாக வைக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். மற்ற இரண்டு பகல்களையும் தொடக் கூடாது. கல்லூரியோடு செய்துகொள்ளும் ஒப்பந்தப் பத்திரத்தில் சேர்க்க நான் எழுதிக்கொடுத்திருப்பவை மூன்று. ஆண்டு வட்டியில் ஏழில் ஒரு பங்கை அசலில் சேர்க்க வேண்டும். மாலைச் சொற்பொழிவுக்கு ஊரார் யார் வந்தாலும் அனுமதி உண்டு. பதிவோ கட்டணமோ கூடாது. அழைக்கப்படுகிறவர் மேடையில் இருக்கும் நேரத்தைப் போல நான்கு மடங்காவது மாணவர்களோடு இருக்கச் சம்மதித்து எழுதித் தந்த பிறகே அழைப்பிதழ் அச்சுக்குப் போக வேண்டும்.